நாற்காலியின் அடிப்புறம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஸ்ரீபெரும்புதூர் என வழங்கும் திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் நோக்கிச் செல்லும் சாலையில் இன்று தொழிற்சாலைகள் தொடர்ந்து நிற்கின்றன. அவற்றின் பெயர்களைப் படித்துக்கொண்டே செல்வோர்க்கு ஒரு வியப்பு தோன்றும். ஆங்கில நாட்டு ரெட்டிச்சு நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு வண்டி 1955 முதல் சென்னையிலும், 2013 முதல் ஒரகடத்திலும் உருவாகிறது. பிரெஞ்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் கார்கள் 2010-இல் ஒரகடத்தில் திறக்கப்பெற்ற ஆலையிலிருந்து வெளிவருகின்றன. பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சரான கொல்பேர் 1664-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியைத் தோற்றுவித்தார். மறு ஆண்டில், 1665-இல், அரச ஆதரவில் ஒரு கண்ணாடி ஆலையையும் தொடங்கி வைத்தார். முன்னது பத்தாண்டுக்குள் புதுச்சேரியில் கால் ஊன்றியது. பின்னது செயின்ட் கோபைன் என்னும் பெயரோடு 2000-ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரில் கண்ணாடி வார்க்கத் தொடங்கியது.

இந்தச் சாலைகளை ஒட்டிப் புதிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. அவற்றுள் குடியேறுவோர் தம் வீட்டுக்கு மரச்சாமான் தேடும்போது, 'ஆங்கில நாட்டுப்புறப் பாணி', 'பிரெஞ்சு நாட்டுப்புறப் பாணி' என்னும் பெயர்கள் அவர்கள் செவியில் விழுகின்றன. வெளிறிய வண்ணமும், வேண்டுமென்றே தேய்க்கப்பட்ட விளிம்புகளும், பழமைச் சாயலும் கொண்ட மேசைகள் அப்பெயர்களில் விற்பனையாகின்றன. உண்மையிலேயே பழமையான பொருள்களும் சில வேளைகளில் கிடைக்கின்றன. அப்பொருள்களை ஆங்கிலம் என்றும் பிரெஞ்சு என்றும் அழைப்பது எந்த அளவுக்குப் பொருந்தும்? அவற்றைச் செய்த கை யாருடையது? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

சொல்லில் ஏறிய மரச்சாமான்கள்

இலக்கிய அன்பர்கள் கூடிய அவையாதலின் சொற்களிலிருந்து தொடங்குதல் தகும். தமிழர் வீட்டில் தொன்றுதொட்டு வழங்கிய அறைகலன்கள் சிலவே. கட்டில், மணை, முக்காலி, ஊஞ்சல், தொட்டில், பெட்டகம், பத்தாயம் என விரல்விட்டு எண்ணிவிடலாம். உண்பதும் எழுதுவதும் உறங்குவதும் பெரும்பாலும் தரையிலேயே நிகழ்ந்தன. கடல்வழி வந்த ஐரோப்பியர் தம் அறைகலன்களோடு அவற்றின் பெயர்களையும் கொண்டுவந்தனர். மேசை என்பது போர்த்துக்கீசியச் சொல். அலமாரியும் அம்மொழியிலிருந்து வந்ததே. யாழ்ப்பாணத்தார் நாற்காலியைக் கதிரை என்பர். அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல்லே. பெஞ்சும் ஸ்டூலும் ஆங்கிலேயர் தந்தவை.

பீரோ என்னும் சொல்லின் பயணம் சுவையானது. பிரெஞ்சு மொழியில் அது முதலில் முரட்டுத் துணி ஒன்றன் பெயரோடு தொடர்புடையதாயிருந்தது. அத்துணியை விரித்த எழுதுமேசை அப்பெயர் பெற்றது. பின்னர் அம்மேசை இருந்த அலுவலகமே அப்பெயரால் அழைக்கப்பட்டது. தமிழுக்கு வந்தபோது அது துணிமணியும் நகையும் வைத்துப் பூட்டும் நிலைப்பேழையாக மாறிவிட்டது. பிரெஞ்சுக்காரர் அத்தகைய பேழையை 'அர்முவார்' என்பர். அச்சொல்லும் தமிழின் அலமாரியும், படைக்கலம் வைக்கும் இடத்தைக் குறித்த ஒரே இலத்தீன் மூலத்திலிருந்து கிளைத்தவை. இங்ஙனம், பிரான்சின் எழுதுமேசை தமிழகத்து மணமகளின் சீர்வரிசையில் பேழையாக நிற்கிறது.

இறக்குமதியான சொற்களுக்கிடையே நாற்காலி என்னும் தமிழ்ச்சொல் நிலைபெற்றது கருதத்தக்கது. முக்காலியை அறிந்த மக்கள், புதிதாய் வந்ததன் கால்களை எண்ணிப் பார்த்துப் பெயரிட்டனர். யார் அதில் அமர்ந்தார் என்பதைப் பெயர் சொல்லவில்லை. எவ்வாறு செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. மரச்சாமானை அறிய அதுவே நல்ல வழி.

நாட்டுப்புற மரச்சாமான் என்பது யாது?

அரண்மனைக்கும் பிரபுக்களின் மாளிகைக்கும் செய்யப்பட்டவற்றினின்று வேறுபட்டது நாட்டுப்புற மரச்சாமான். உழவர், ஆலைக்காரர், சிறு வணிகர் ஆகியோர் வீட்டில் அன்றாடம் உழைப்பதற்காக, அப்பகுதியில் விளைந்த மரத்தில், ஊர்த்தச்சர் செய்தது அது. பொன்முலாமும் அரிய மரத் தகடுகளும் அதில் காணப்படா. பிரான்சின் புரோவான்சுப் பகுதியில் மாவு பிசையும் மரத்தொட்டியும், சுட்ட ரொட்டியைக் காப்பதற்குச் சுவரில் மாட்டும் கடைசல் கம்பிகள் கொண்ட கூண்டும் வீடுதோறும் இருந்தன. பிரித்தானிப் பகுதியில் குளிருக்கு அஞ்சிக் கட்டிலையே பெட்டிபோல் அடைத்துக் கதவிட்டனர். புல்லால் பின்னிய இருக்கை கொண்ட எளிய நாற்காலி தென்பகுதியெங்கும் பரவியிருந்தது. 1888-இல் ஆர்ல் நகரில் வான்கோ வரைந்த புகழ்பெற்ற நாற்காலி அவ்வகையினதே.

நார்மண்டிப் பகுதியில் மகளுக்குத் திருமணத்தின்போது பெரிய ஓக்கு மரப் பேழை ஒன்றைச் செய்து தருவர். கதவின் மேல் இணைப்புறாக்களும் பூக்கூடைகளும் கோதுமைக் கதிர்களும் செதுக்கப்பட்டிருக்கும். அதன் பகுதிகளை மர ஆணிகளால் பிணைத்திருப்பர். அவற்றைத் தட்டிக் கழற்றினால் பேழை முழுவதும் பலகைகளாகப் பிரிந்துவிடும். வண்டியிலேற்றிக் கணவன் வீட்டிற்குக் கொண்டுசென்று மீண்டும் பூட்டிக்கொள்வர். இரும்புப் பீரோவும் கட்டிலும் முன்செல்லப் புகுந்த வீட்டிற்குச் செல்லும் தமிழகத்து மணப்பெண்ணுக்கு அந்நார்மண்டிப் பெண்ணின் நிலை எளிதில் விளங்கும்.

ஆங்கில நாட்டின் விண்சர் நாற்காலியும் நாட்டுப்புறத்தின் அடையாளமாகவே போற்றப்படுகிறது. அதன் இருக்கை ஒற்றைப் பலகை. எளிதில் பிளவுபடாத எல்ம் மரத்தில் அதனைக் குடைந்து செய்வர். கால்களும் முதுகுக் கம்பிகளும் அப்பலகையில் துளையிட்டுச் செருகப்படும். வளைந்த முதுகுச் சட்டம் ஆஷ் மரத்தையோ யூ மரத்தையோ ஆவியில் வாட்டி வளைத்ததாக இருக்கும். இதனைக் காணும் பலர், கிராமத்துப் பெரியவர் ஒருவர் தம் பட்டறையில் தனியே அமர்ந்து முழுமையாகச் செய்து முடித்தது எனக் கற்பனை செய்வர். வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

பக்கிங்காம்சயரில் உள்ள ஹை விக்கம் என்னும் ஊர் இந்நாற்காலிகளுக்குப் பெயர்பெற்றது. அதனைச் சூழ்ந்த பீச் மரக் காடுகளில் குடிசையிட்டுத் தங்கிய கடைசல்காரர்கள் கால்களையும் குறுக்குக் கம்பிகளையும் மட்டும் கடைந்து, 144 உருப்படி கொண்ட குரோசு கணக்கில் விற்றனர். ஊரிலிருந்த பட்டறைகளில் ஒருவர் இருக்கைப் பலகையைக் குடைவார், ஒருவர் சட்டத்தை வளைப்பார், ஒருவர் பூட்டி முடிப்பார், ஒருவர் மெருகிடுவார். 1875-ஐ ஒட்டி அவ்வூரில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் செய்யப்பட்டன என்பது ஒரு மதிப்பீடு. 1877-இல் விக்டோரியா அரசியார் அவ்வழியே சென்றபோது நாற்காலிகளை அடுக்கியே வரவேற்பு வளைவு அமைத்தனர்.

உதிரிப்பாகம் செய்வோர் ஓரிடம், இணைத்து முடிப்போர் வேறிடம் என்னும் இம்முறை ஒரகடத்தார்க்குப் புதிதன்று. ஒரு காரின் கதவும் இருக்கையும் விளக்கும் வெவ்வேறு துணை ஆலைகளில் உருவாகி ஓரிடத்தில் பூட்டப்படுவதை அவர்கள் நாளும் காண்கின்றனர். காட்டில் அமர்ந்து கால் கடைந்தவரும் தொழிலாளியே. அவர் செய்த கால் எந்த வீட்டின் எந்த நாற்காலியில் நிற்கிறது என்பதை அவர் அறிந்திலர். அந்த வீட்டாரும் அவர் பெயரை அறிந்திலர்.

சோழமண்டலக் கரையின் கருங்காலி நாற்காலிகள்

பெயர் மறைந்த கைவினைஞரைப் பற்றிய பேச்சு எழும்போது ஒரு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லவேண்டும். அது இந்தச் சோழமண்டலக் கரையோடு தொடர்புடையது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்னும் மாளிகையை ஹொரேஸ் வால்போல் அமைத்தார். 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் புதினத்தை 1764-இல் வெளியிட்டு, அச்சமூட்டும் கதைவகை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் வழிவகுத்தவர் அவர். பழைய ஆங்கில நாட்டின் தோற்றத்தைத் தம் மாளிகையில் மீட்டெடுக்க அவர் விரும்பினார். அதற்கேற்ற அறைகலன்களைத் தேடினார். முறுக்குக் கடைசல் கால்களும் நுண்ணிய பூவேலைப்பாடும் கொண்ட கன்னங்கரிய நாற்காலிகள் சில பழைய வீடுகளில் இருந்தன. ஈஷர் என்னுமிடத்தில், எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சராயிருந்து 1530-இல் மறைந்த கர்தினால் உல்சியோடு தொடர்புடைய வீட்டிலும் அத்தகையவை காணப்பட்டன. ஆகவே அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலத் தச்சர் கைவேலை என்று வால்போல் முடிவு செய்தார். 1763-இல் ஓர் ஏலத்தில் அவ்வகைக் கருங்காலி நாற்காலிகளை வாங்கித் தம் மாளிகையில் வைத்தார். அவரைப் பின்பற்றிப் பலரும் அவ்வாறே நம்பினர். அந்நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் நிலவியது.

பின்வந்த ஆய்வாளர் உண்மையைக் கண்டனர். அந்நாற்காலிகள் ஆங்கில நாட்டில் செய்யப்பட்டவை அல்ல. டியூடர் காலத்தவையும் அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அதனை அடுத்தும் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை. மசூலிப்பட்டினத்தில் 1611 முதல் ஆங்கிலேயர் வாணிகம் செய்தனர். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கோட்டை கட்டினர். 1639-இல் சென்னையில் ஆங்கிலேயர் இடம் பெற்றனர். இவ்வணிகர் காட்டிய ஐரோப்பிய வடிவங்களைப் பார்த்து, இக்கரையின் தச்சர் தம் மரத்தில், தம் பூக்கொடிகளையும் பறவைகளையும் செதுக்கி இந்நாற்காலிகளைச் செய்தனர். அவை கப்பலேறின. நூறாண்டு கழிந்த பின்பு அவற்றின் பிறப்பிடம் மறக்கப்பட்டது. ஆங்கிலப் பழமையின் உயர்ந்த சான்றாக அவர்கள் கொண்டாடிய நாற்காலி, அவர்கள் அறியாமலேயே இக்கரைத் தச்சரின் உழைப்பாயிருந்தது.

வால்போல் பொய் சொல்லவில்லை. நாற்காலி இருந்த வீட்டைப் பார்த்து அதற்குப் பெயரிட்டார். மரத்தைப் பார்த்திருந்தால் ஐயம் தோன்றியிருக்கும். அக்கருமரம் ஆங்கில நாட்டுக் காடுகளில் விளைவதன்று.

கருங்காலி என்னும் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுவது என்னும் கருத்தில் அச்சொல் இரண்டகம் செய்பவனைக் குறிக்கலாயிற்று என்பர். வேலைநிறுத்தத்தை முறிப்பவனைக் 'கருங்கால்' எனப் பொருள்படும் சொல்லால் ஆங்கிலேயர் அழைப்பதும் அதனோடு சேர்ந்துகொண்டது. தொழிற்சங்க மேடைகளில் அச்சொல் இன்றும் ஏச்சாகவே ஒலிக்கிறது. தன் நாட்டுக் கைத்திறனைக் கடல் கடந்து சுமந்து சென்ற மரத்திற்கு இப்பழி பொருந்துமா என அவையோர் எண்ணிப் பார்க்கலாம்.

பிரம்பும் அரக்கும்

கருங்காலி நாற்காலி ஒரு தனி நிகழ்ச்சியாக நிற்கவில்லை. 1660-களுக்குப் பின்னர் ஆங்கில நாட்டில் பிரம்பு பின்னிய இருக்கைகள் பெருவழக்காயின. அப்பிரம்பு தென்கிழக்காசியக் காடுகளில் வளர்ந்து, கும்பினிக் கப்பல்களில் சென்றது. விசாகப்பட்டினத்துக் கைவினைஞர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில வடிவப் பெட்டிகளிலும் நாற்காலிகளிலும் தந்தம் பதித்தனுப்பினர்.

தச்சர்கள் இன்றும் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று ஒரு மெருகைச் சொல்வர். துணிப்பந்தை நனைத்து, நாட்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் அம்மெருகு அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்வது. அவ்வரக்கு இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் விட்டுச்செல்லும் பிசின். பழங்குடி மக்கள் அதனைச் சுரண்டிச் சேர்க்கின்றனர். பிரான்சின் பெயர் தாங்கிய மெருகின் மூலப்பொருள் சோட்டா நாகபுரிக் காட்டிலிருந்து புறப்பட்டது.

வீட்டிலிருந்து சந்தைக்கு

தமிழகத்தில் இத்தகைய பொருள்களைக் காணக்கூடிய இடங்கள் மூன்றைச் சொல்லலாம். முதலாவது புதுச்சேரி. 1761-இல் ஆங்கிலேயர் அந்நகரை இடித்தழித்த பின்பு மீண்டும் கட்டப்பட்ட வீடுகளில், பிரெஞ்சு வடிவத்தைத் தேக்கிலும் தோதகத்தியிலும் உள்ளூர்த் தச்சர் செய்து தந்தனர். அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் அக்கால அறைகலன்களைக் காணலாம். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபோது பல குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விட்டுச் சென்றன.

இரண்டாவது செட்டிநாடு. பர்மாவில் வாணிகம் செய்த நகரத்தார் பர்மாத் தேக்கையும் ஐரோப்பியக் கண்ணாடிகளையும் கொண்டு மாளிகைகள் எழுப்பினர். 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அச்செல்வத்தின் வேர் அறுந்தது. பங்காளிகள் பலருக்கு உரிய வீட்டைப் பராமரிக்க ஒருவருக்கும் இயலாத நிலை வந்தது. தூண்களும் கதவுகளும் நாற்காலிகளும் காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

மூன்றாவது, இத்தொழில்வட்டாரத்திற்கு அண்மையிலுள்ள பல்லாவரம். அங்கு வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய நாற்காலி, தையல் இயந்திரம், கடிகாரம், பித்தளைப் பாத்திரம் அனைத்தும் சாலையோரம் பரப்பப்பட்டிருக்கும். கை நீண்ட சாய்வு நாற்காலியும் பிரம்புச் சாய்மணையும் அங்கே விலைபேசப்படுவதைக் காணலாம்.

ஒரகடத்தருகே புதுவீடு கட்டிய ஒருவர் அச்சந்தைக்குச் செல்வதாகக் கொள்ளலாம். கடைக்காரர் ஒரு நாற்காலியைக் காட்டி, இருநூறாண்டுப் பழமையான ஆங்கிலச் சாமான் என்கிறார். வாங்க வந்தவர் செய்யவேண்டிய முதல் வேலை அதனைக் கவிழ்த்துப் பார்ப்பது. மேற்புறத்தை மெருகிட்டு மாற்றலாம். அடிப்புறத்தை மாற்ற எவரும் பெரிதும் மெனக்கெடுவதில்லை. அறுத்த தடம் நேர்கோடாக இருந்தால் கைவாள் அறுத்ததாக இருக்கலாம். வில்போல் வளைந்த தடம் வட்ட ரம்பத்தினுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் அது அரிது. கூட்டல் குறி போன்ற தலையுடைய திருகாணி 1930-களுக்கு முன் இல்லை. இழுப்பறையின் மூலையில் புறாவின் வால்போல விரிந்த பற்கள் கோக்கப்பட்டிருக்கும். அவை ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டிருந்தால் கைவேலை. அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருந்தால் இயந்திர வேலை.

மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். நெடுக்குவாட்டில் ஏறத்தாழச் சுருங்காது. ஆகவே மிகப் பழைய வட்டமேசையை இருபுறமும் அளந்தால் சிறு வேறுபாடு தெரியும். நாற்காலியின் முன்குறுக்குக் கம்பி, கால் வைத்துத் தேய்ந்திருக்க வேண்டும். எவர் காலும் படாத இடத்திலும் தேய்வு இருந்தால் அது அரத்தால் ராவியது. பூச்சி குடைந்த துளை வட்டமாக இருப்பது இயல்பு. துளையின் நீளவாட்டுப் பாதையே வெளியில் தெரிந்தால், பழைய பலகையைப் புதிதாக அறுத்துச் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

வாங்கிய பின்பும் கவனம் வேண்டும். குளிர்நாட்டு மரமும் விலங்குப் பசையால் ஒட்டிய பொருத்துகளும் சென்னைப் பகுதியின் ஈரக்காற்றில் உப்பும். குளிர்சாதன அறையில் உலர்ந்து வெடிக்கும். பீச், பைன் மரங்களைக் கறையான் விரும்பும். தேக்கில் செய்த உள்ளூர் நாற்காலி இவ்வகையில் நெடிது நிற்கும். பழைய மெருகைச் சுரண்டி எடுத்துப் புதுப்பிப்பதைவிடத் துடைத்துக் காப்பதே நன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சந்தையில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்க்கு மற்றொரு பயனும் உண்டு. அது ஆங்கிலச் சாமான் அன்று, சென்னைப் பட்டறை ஒன்றில் இந்நாட்டுத் தச்சர் செய்தது எனத் தெரிந்தால், பலர் ஏமாற்றமடைகின்றனர். விலையைக் குறைத்துக் கேட்கின்றனர். வால்போலின் மாளிகையில் நேர்ந்த பிழையின் மறுபக்கம் இது. தமிழ்த் தச்சர் செய்ததைப் பிற நாட்டுப் பெயரில் மதித்து, உண்மை தெரிந்ததும் மதிப்பைக் குறைப்பது அறிவுடைமையாகாது.

இவ்வட்டாரத்தின் நாட்டுப்புற மரச்சாமான்

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதி ஏரிகளின் நாடு. ஏரிநீர் பாய்ந்த வயல்களின் நெல்லைச் சேமிக்க வீடுகளில் பத்தாயங்கள் நின்றன. புரோவான்சின் ரொட்டிக் கூண்டுக்கும் நார்மண்டியின் பேழைக்கும் ஈடாக இப்பகுதி காட்டத்தக்க நாட்டுப்புற மரச்சாமான் அதுவே. நிலம் தொழிற்பேட்டையானபோது நெல் நின்றது. நெல் இல்லாத வீட்டில் பத்தாயம் இடத்தை அடைக்கும் பெட்டியாகத் தோன்றியது. பழைய மரம் வாங்குவோர் அதன் கனத்த பலகைகளைப் பிரித்தெடுத்துச் சென்றனர். அப்பலகைகளுள் சில, வண்ணம் பூசப்பட்டு, வெளிநாட்டுப் பாணி மேசையாக மீண்டும் விலைக்கு வருதலும் கூடும். தன் பாட்டனார் வீட்டுப் பலகையைப் பேரன் பிரெஞ்சு மேசை என்று வாங்கிவருவானாயின், அதனை அவனுக்கு எடுத்துச் சொல்ல யார் இருப்பர்?

புதிய மரமும் இங்கு வந்துகொண்டிருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு இயந்திரமும் உதிரிப்பாகமும் வந்திறங்கும் பெட்டிகளும் அடுக்குப் பலகைகளும் பெரும்பாலும் பைன் மரத்தாலானவை. ஐரோப்பிய உழவர் வீடுகளில் எளிய அறைகலன்களுக்குப் பயன்பட்ட அதே மரம். பெட்டியின் வேலை முடிந்ததும் பழைய மரக்கடைக்குச் செல்கிறது. அங்கிருந்து கட்டிலாகவும் மேசையாகவும் சாமிப்படம் வைக்கும் தட்டாகவும் எளியோர் வீடுகளுக்கும் தொழிலாளர் அறைகளுக்கும் வந்து சேர்கிறது. அத்தகைய மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால், கோதுமைக் கதிர் வரைந்த சிறு முத்திரை ஒன்றைச் சிலவற்றில் காணலாம். அது பன்னாட்டுப் பயிர்ப்பாதுகாப்பு முத்திரை. மரம் பதனிடப்பட்ட நாட்டின் ஈரெழுத்துக் குறி அதில் இருக்கும். 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பமேற்றிப் பூச்சி நீக்கப்பட்டது. 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப்புகையிட்டது. அதனை வீட்டிற்குள் தவிர்ப்பது நன்று.

உள்ளூரில் கிடைத்த மரத்தில், உள்ளூர்த் தச்சர், உழைக்கும் வீட்டின் தேவைக்குச் செய்வது நாட்டுப்புற மரச்சாமான் என்றால், இம்மேசைக்கும் கட்டிலுக்கும் அப்பெயர் முற்றிலும் பொருந்தும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பெற்றது. பல மாவட்டங்களிலிருந்து வந்து, நாள் முழுதும் நின்று வேலை செய்து, இரவில் கட்டிலில் சாயும் அப்பெண்களின் உழைப்பு உலகெங்கும் செல்கிறது. அப்பொருள்களின் மேற்புறத்தில் அவர்கள் பெயர் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் கருங்காலியில் பூக்கொடி செதுக்கிய தச்சரின் பெயரும் இல்லை.

நெடுநல்வாடை பாடிய நக்கீரர் பாண்டியன் தேவியின் கட்டிலை விரிவாகக் காட்டுகிறார். போரில் வீழ்ந்த நாற்பது வயது யானையின் தந்தத்தால் அது ஆனது என்கிறார். அங்கே அவர் நின்றுவிடவில்லை. வல்லவன் ஒருவன் கூரிய உளியால் இலைத்தொழில் செய்தான் என்பதையும் மறவாமல் பதிவு செய்கிறார். அரசியின் கட்டிலைப் பாடும் இடத்தில் உளி பிடித்தவனையும் நினைத்த புலவர் அவர்.

இலக்கிய வட்டங்கள் அப்பணியைத் தொடரலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்து, அது எந்த மரம், யார் செய்தது, எப்போது, எதற்காக என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வைக்கலாம். எஞ்சியிருக்கும் பத்தாயம் ஒன்றையேனும் பிரிபடாமல் காக்கலாம். கடைசல் பட்டறையில் தொடங்கி ஆலையின் கடைசல் பிரிவில் பணிபுரியும் தச்சர் குடும்பத்தாரிடம் அவர்தம் கருவிகளின் பெயர்களைக் கேட்டுத் தொகுக்கலாம். அடுத்த பத்தாண்டு மலரில் அப்பக்கங்கள் இடம்பெறுமாயின், நூறாண்டு கழித்து இவ்வட்டாரத்து நாற்காலி ஒன்றைக் கையிலெடுப்பவர் வால்போலைப் போல வீட்டின் பெயரை மட்டும் படித்து ஏமாற மாட்டார்.